வலது கன்னத்தின் உள்பக்கம்

லைலாவின் விடைக்கு நான் பிழை போட்டேன். அதுவும் சிவப்பு மையில், நன்றாக அழுத்திப் போட்டேன்.

எழுபத்தைந்தாம் ஆண்டு அது. கிண்ணியாவில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு கைநூல் வந்தது. புகையிலையால் வரும் கேடுகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். அதிபர் அந்த வேலையை என் தலையில் கட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், ஏனென்றால் அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் இருந்தது. என் புருஷன் முனாப் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை நாளுக்குப் பத்து சிகரட் பிடித்தவர். அவர் வேலை முடிந்து படலைக்குள் கால் வைக்கும்போதே மோந்து பார்ப்பேன். வாசம் வந்தால் சோறு வரும், ஆனால் அதோடு என் பேச்சும் வரும். கடைசியில் மனிதர் என் வாய்க்குப் பயந்து சிகரட்டை விட்டார்.

முதல் பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி கொடுத்தேன். ‘உமது வீட்டில் புகையிலை பாவிப்போர் யார்?’ வாப்பா சுருட்டு, மூத்த காக்கா பீடி, சாச்சா சிகரட் என்று பிள்ளைகள் எழுதித் தந்தார்கள். லைலா மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தாள். வாப்பா பீடி என்று முதல் வரி. உம்மா வெற்றிலை என்று இரண்டாவது வரி. அந்த இரண்டாவது வரிக்குத்தான் பிழை போட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் விடை எழுதிய கொப்பியோடு என் மேசைக்கு வந்தாள். பதின்மூன்று வயது, மெலிந்த பிள்ளை. தேவையில்லாமல் வாய் திறக்காது.

“டீச்சர், இது ஏன் பிழை?”

“வெத்திலை வேற, பொயிலை வேற. கேள்வியை ஒழுங்கா வாசி.”

“உம்மா வெத்திலைக்குள்ள பொயிலை வச்சுத்தானே போடுற?”

“அது வேற கதை” என்றேன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான் போட்ட வெற்றிலை, அதற்குள் வைத்த யாழ்ப்பாணப் புகையிலையோடு, அந்த நிமிஷமும் என் வலது கன்னத்துக்குள் அடங்கியிருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்களூரில் புகையிலை என்றால் ஆம்பிளைகளின் குற்றம். வெற்றிலை என்றால் மரியாதை. வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலை வட்டாவை நீட்டாவிட்டால்தான் குறை சொல்வார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து பதினேழு வருஷமாக நான் போட்டேன். புருஷனுக்குச் சிகரட்டின் கேட்டைப் பற்றி விளக்கம் சொன்ன இரவுகளிலும் போட்டுக்கொண்டுதான் சொன்னேன்.

வாயிலிருந்ததை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோற்றுப்போக எனக்கு மனம் வருமா? கைநூலை எடுத்து, முதல் நாள் தேவையில்லை என்று நான் தாண்டிய பக்கத்தை உரத்து வாசித்தேன். வாய்க்குள் புகையிலையை அடக்கி வைப்பவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளைப் படை வரலாம். அது நோகாது. துடைத்தால் போகாது. கவனியாமல் விட்டால் சில பேருக்குப் புற்றுநோயாக மாறும். வாசித்து முடித்துவிட்டு, “சரி, எல்லாரும் வாயைத் திறங்க, பாப்பம்” என்றேன். கலியாண வீடுகளில் இந்தப் பிள்ளைகளும் உதடு சிவக்கட்டும் என்று ஒரு வாய் போடுவது எனக்குத் தெரியும்.

ஒருத்தியும் திறக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“முதல்ல நீங்க காட்டுங்க டீச்சர்” என்றாள் லைலா. அவள் சிரிக்கவில்லை.

“வாங்க, நல்லாப் பாருங்க. எனக்கென்ன பயம்?” என்று யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பின்வரிசை ஜெமீலாவின் பென்சில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வட்டக் கண்ணாடி வந்தது. வகுப்புக்குக் கண்ணாடி கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். ஜெமீலா வெயிலைப் பிடித்து என் வாய்க்குள் அடித்தாள். லைலா குனிந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை.

“டீச்சர், வெள்ளையா ஒண்டு இரிக்கு.”

“சுண்ணாம்பா இரிக்கும்.”

என் கைலேஞ்சியை வாங்கி, நுனியைச் சுருட்டித் துடைத்தாள். திரும்பவும் பார்த்தாள். “போகுதில்ல டீச்சர். கௌபிக் கொட்டை அளவு இரிக்கு” என்றாள்.

சிரித்துச் சமாளித்தேன். “சரி, போய் இருங்க, கணக்குப் பாடத்துக்கு நேரமாச்சு” என்று விரட்டினேன். ஆனால் கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு தரம் எழுதினேன். நாக்கு அடிக்கடி அந்த இடத்துக்குப் போய்த் தடவிப் பார்த்தது. சொரசொரப்பாக இருந்தது. இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

பின்னேரம் முனாபிடம் சொன்னேன். இனி மனிதர் பழைய கடன் எல்லாவற்றையும் தீர்ப்பார், அன்றைக்கு வாங்கிய ஏச்சு எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கைவிளக்கை எடுத்துவந்து பார்த்தார். பிறகு விளக்கை வைத்துவிட்டு, “நாளைக்கு நான் லீவு போடுறன்” என்றார். அவர் கேலி செய்யாததுதான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது.

விடியப் பாதையில் ஏறினோம். எங்கள் கரைக்கும் அடுத்த கரைக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவையைத்தான் பாதை என்போம். அக்கரையில் பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல் டாக்டர் ஞானசேகரம் வயதானவர், பொறுமைசாலி.

“எத்தினை வருஷமாப் போடுறீங்கள்?”

“பதினேழு.”

“பொயிலையும் சேர்த்தோ?”

“பொயிலை இல்லாட்டி அது என்ன வெத்திலை டாக்டர்?”

அவர் சிரிக்கவில்லை. ரப்பர் உறை போட்ட விரலால் கன்னத்தை அமத்திப் பார்த்தார். “கல்லுப் போல இல்லை, மெதுவாத்தான் இருக்கு. அது நல்ல அறிகுறி. இண்டையோட வெத்திலை, பாக்கு, பொயிலை எல்லாத்தையும் விடுங்கோ. மூண்டு கிழமையால வாங்கோ. போனால் போச்சு. போகாட்டி ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதிச்சு, மகரகமைக்கு அனுப்புறதா எண்டு முடிவு எடுப்பம்.”

புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால், எங்கள் பக்கத்தில் மகரகம என்பது ஊரின் பெயரல்ல, வியாதியின் பெயர். அங்கே போனவர்களைப் பற்றிச் சனம் குரலைத் தாழ்த்தித்தான் கதைக்கும். பாதையில் திரும்பி வரும்போது நான் அழுதேன். முனாப் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேருக்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தரம்.

அந்த மூன்று கிழமையும் என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. முதல் நாலு நாள் தலையிடி. பிறகு காரணமில்லாத கோபம். வெண்கட்டி உடைந்தாலும் ஏசினேன், உடையாவிட்டாலும் ஏசினேன். கை தானாக வட்டாவைத் தேடிப் போகும். முனாப் அதை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு எனக்குக் கராம்பு வாங்கித் தந்தார். சிகரட்டை விட்ட நாட்களில் தானும் இப்படித்தான் கிடந்து துடித்ததாகச் சொன்னார். அப்போது நான் அதைக் கவனித்ததே இல்லை. “மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றேன். “சிகரட்டை விட்டதே உன்னாலதானே” என்றார் அவர்.

ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு லைலா ஜெமீலாவின் கண்ணாடியோடு வந்துவிடுவாள். நான் வாயைத் திறக்காமல் தப்ப ஏலாது. கௌபி ஆறு நாள் கௌபியாகவே இருந்தது. அந்த ஆறு நாளும் நான் செத்துப் பிழைத்தேன். ஏழாம் நாள் “சுருங்கிட்டு டீச்சர், பயறு அளவு” என்றாள். இரண்டாம் கிழமை முடிவில் உழுந்து என்றாள். அவள் சொல்லும் தானியத்தைக் கேட்கத்தான் நான் பள்ளிக்கூடமே போனேன் என்று சொல்லலாம்.

இதற்குள் ஒரு கலியாணம் வந்தது. பெண்கள் பக்கத்தில் வட்டா சுற்றி வந்தது. நான் வேண்டாம் என்றதும் லைலாவின் உம்மா அசனா விழுந்து விழுந்து சிரித்தாள். அசனாவும் நானும் சின்ன வயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதியவர்கள். அவள் என்னை டீச்சர் என்று அழைக்கமாட்டாள். “இஞ்ச பாருங்களன், ஜெஸீமா இப்ப டாக்குத்தராகிட்டா. என்ட மகள் அவக்கு நேர்ஸாம்” என்று சொல்லிக்கொண்டே ஒரு வெற்றிலையை மடித்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். “ஒரு வாய்தானே புள்ள, ஒண்டும் ஆகாது.”

வாசம் மூக்கில் ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், என் வாய் பாதி திறந்துவிட்டது. அப்போது கதவடியில் நின்ற லைலாவைக் கண்டேன். முகமெல்லாம் வெளிறிப்போய் நின்றாள். நான் அசனாவின் கையைத் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போய் இரண்டு குவளை தண்ணீர் குடித்தேன். அசனா அந்த வெற்றிலையைத் தன் வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் கிழமை முடிய, டாக்டர் ஞானசேகரத்தின் கதிரையில் திரும்பவும் உட்கார்ந்தேன். அவர் லைற்றை இழுத்துப் பார்த்தார். அமத்திப் பார்த்தார். பஞ்சால் துடைத்துப் பார்த்தார். எனக்கு அது ஒரு மணித்தியாலமாகத் தெரிந்தது.

“ஒண்டுமில்லை” என்றார். “சுத்தமாப் போட்டுது. இனிப் போடாதேங்கோ, ஆறு மாசத்தால ஒருக்கா வந்து காட்டுங்கோ.”

அப்பாடா! வெளியே வந்து முனாபிடம் சொல்ல வாய் எடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் பயந்து வெளிறிவிட்டார். பிறகு நான் சிரிக்கவும், “எடியே, ஆளைக் கொல்லாத” என்று தலையில் கை வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தார். டவுனில் ஆளுக்கு ஒரு ஐஸ்கிறீம் குடித்தோம். கலியாணம் முடித்த புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்ததில்லை.

அடுத்த நாள் வகுப்பில் செய்தியைச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். “நாங்களும் இனிக் கலியாண வீட்டில போடமாட்டம் டீச்சர்” என்றாள் ஜெமீலா. லைலா மட்டும் மேசையில் முகத்தைக் கவிழ்த்து, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். வெளியே கூட்டிப் போய்க் கேட்டேன்.

“உம்மாட வாயிலயும் இரிக்கு டீச்சர்” என்றாள். “எட்டு மாசமா இரிக்கு. சொன்னா, சுண்ணாம்பு சுட்டதாம், வாயைப் பொத்தட்டாம். வாப்பாவும் வீட்டில இல்ல, புல்மோட்டையில மீன்வாடியில. நீங்க பிழை போட்டோடன, அது பொயிலையால வந்ததில்லையாக்கும் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் நீங்க அந்தப் பக்கத்தை வாசிச்சது. உங்கட போகுதா எண்டு பாத்திட்டு உம்மாட்டத் திரும்பவும் சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

இடைவேளை தவறாமல் என் வாய்க்குள் இந்தப் பிள்ளை தேடியது தன் உம்மாவின் உயிரை. அதற்குத்தான் நான் பிழை போட்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அசனாவின் வீட்டுக்குப் போனேன். ஸலாம் சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் வாயைத் திறந்தேன். “பாருடி. உன்ட மகள் பாத்துப் பாத்து என்னைச் சுகமாக்கின இடம் இது. இப்ப நீ திற.” அசனா முதலில் ஏசினாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். எழும்பிப் போய், வாயிலிருந்ததை வேலியோரம் துப்பிவிட்டு வந்தாள்.

“நாளைக்கு எத்தின மணிக்குப் பாதை?” என்று கேட்டாள்.

அசனாவுக்கு என்னைவிடக் கூட நாள் எடுத்தது. டாக்டர் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கும் அனுப்பினார். ஆறாம் கிழமை, பயமில்லை என்று முடிவு வந்த அன்றைக்கு, நாங்கள் மூன்று பேரும் பாதையில் திரும்பி வந்தோம். பலகை வாங்கில் எங்கள் நடுவே இருந்த லைலா, பாதை நகர்ந்த கொஞ்ச நேரத்திலேயே உம்மாவின் மடியில் தலை வைத்து நித்திரையாகிவிட்டாள்.

“இரவில விளக்கோட வந்து என்ட மூஞ்சியைப் பாத்துக்கொண்டு நிப்பாள்” என்றாள் அசனா. “பேய் பாத்திட்டுது எண்டு ஓதிப் பாக்கவும் கொண்டு போனனான். இந்தப் பிள்ளை இப்பிடி நித்திரை கொண்டு எத்தின நாள்!”

பாதை கிண்ணியாக் கரையைத் தட்டியது. சனம் இறங்கியது. அசனா மகளை எழுப்பக் கை வைத்தாள், பிறகு கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பாதைக்காரர் வந்து, “இறங்கல்லயா?” என்று கேட்டார்.

“இல்ல காக்கா, இன்னொருக்காப் போயிட்டு வாறம்” என்றேன் நான்.