பரணுக்காக அரை ஏக்கர் டர்னிப்

மானைக் குறிவைத்துத் தவறவிட்டவர் யாராயினும், அன்று மாலையே அவருடைய சட்டையின் பின்தொங்கல் கத்தரிக்கப்படும். பெயரும் ஆண்டும் எழுதப்பட்டு வேட்டைக் குடிலின் சுவரில் ஆணியடிக்கப்படும். விஸ்கான்சினின் வடபகுதியில் இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. சென்ற நவம்பரில் ஆர்லிஸ் பிரேவிக்கின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டைக்கு அந்தக் கதி நேர்ந்தது. கத்தரித்தவன் அவளுடைய தம்பி லோவெல். கத்தரித்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்தானாயின், இந்தக் கதைக்கே வேலையில்லை.

"ஏன்க்கா, அவ்ளோ பெரிய கலைமான். கல்லெடுத்து எறிஞ்சாக்கூட பட்டிருக்கும். கண்ண மூடிட்டுச் சுட்டியா?"

"சதுப்புப் பரண்ல வந்து உக்காந்து பாருடா. முன்னாடி பூராவும் புதரு. மான் வந்தா வாலு மட்டுந்தான் தெரியும், அதுவும் போகும்போது. வயலோரப் பரண்ல பதினாலு வருஷமா நீயே குந்திக்கிட்டு இருக்க. அங்கேருந்து மூக்குக் கண்ணாடி இல்லாமலே சுடலாம்."

"மான இழுக்க வயல்ல தீனி விதைச்சவனுக்குத்தான் பரண். அப்பா வச்ச சட்டம், நான் வச்சதில்ல."

"அப்படின்னா வர்ற வருஷம் நானும் விதைக்கிறேன்."

குடிலே சிரித்தது. குடில் என்பது அப்போது லோவெலும், அடுப்படியில் பன்றியிறைச்சித் துண்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்த எமில் மாமாவுந்தான். எண்பத்தொரு வயதான எமில், இருவருக்கும் தாய்மாமன். குடிலின் சமையற்காரரும் நீதிபதியும் அவரே.

"ரெண்டு பேரு விதைக்கணும்னா அதுக்கும் உங்கப்பன் ஒரு வழி சொல்லிருக்கான்," என்றார் அவர், கரண்டியை நீட்டி. "வயலு ஒரு ஏக்கர். நடுவுல கயித்தக் கட்டு. ஆளுக்குப் பாதி. செப்டம்பர் மொதத் திங்கக்கிழமை, உழைப்பாளர் தினத்தன்னிக்கு நான் வந்து பாப்பேன். எந்தப் பாதி நல்லாருக்கோ, அவங்களுக்குப் பரண் கதவோட சாவி."

ஆர்லிஸுக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பத்தொரு வேட்டைப் பருவங்களின் முதல் நாள் காலையை அவள் சதுப்பிலேயே கழித்திருந்தாள். அவளுடைய வலது முழங்கால் இப்போதெல்லாம் ஏணிப்படியைக் கண்டால் முன்கூட்டியே முனகத் தொடங்கிவிடுகிறது. அந்த வயலோரப் பரணில் ஒரே ஒரு முதல் நாள் காலை. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அதுவும் முழங்கால் இடங்கொடுக்கிற காலத்துக்குள் வேண்டும்.

ஆர்லிஸ் தபால் வண்டி ஓட்டுபவள். நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள். குளிர்காலம் முழுவதும் அவற்றில் அவள் திணித்தவை விவசாயக் கருவிகளின் வண்ண விலைப்பட்டியல்கள். 'உங்களுக்குத் தேவை' என்று கொட்டை எழுத்தில் தொடங்கும் அவற்றைப் படிக்கப் படிக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு என்ன தேவை என்று உனக்கு எவன் சொன்னான்? மானுக்கு ஒரு வாய் கீரை போடுவதற்கு ஆயிரத்தெண்ணூறு டாலருக்கு ஓர் இயந்திரமாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

ஆயினும் அந்தத் தபால் பாதையே அவளுக்கு வழியும் காட்டியது. பட்டியலில் பளபளக்கும் கருவிகள் ஈராண்டு கழித்து எங்கே இருக்கும் என்பதை அவளைப்போல் அறிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. களஞ்சியங்களின் பின்புறத்தில் இருக்கும். காஞ்சொறிப் புதர் மண்டிக் கிடக்கும். ஏப்ரல் மாதம் முழுவதும் அவள் கடிதங்களைப் போட்டபடியே எண்ணினாள். காட்டுப்பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டியில் பூட்டும் அந்த ஆயிரத்தெண்ணூறு டாலர் இயந்திரம் பதினொரு வீடுகளின் பின்னால் துருவேறிக் கிடந்தது. கழுத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றி விதை தூவும் பை மட்டும் ஒரு வீட்டிலும் வெளியே கிடக்கவில்லை. அது எல்லா வீடுகளிலும் கொட்டகைக்குள் ஆணியில் தொங்கியது. எதை உள்ளே மாட்டி வைக்கிறார்களோ, அதுதான் பயன்படுகிறது. இவ்வளவு எளிய உண்மையைச் சொல்ல ஒரு பட்டியலுக்கும் வாய் வரவில்லை.

இருந்தும் அவளும் ஒருமுறை சறுக்கினாள். மே மாதத்தில் கருவிக்கடைக்குப் போனவளை, மூக்கில் மயிர்கூட முளைக்காத விற்பனையாளன் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

"மேடம், இது உழும், விதைக்கும், அழுத்தும். ஒரே ஓட்டுல மூணு வேலை. உங்க வீட்டுக்காரரு பாத்தா விடவே மாட்டாரு."

"என் வீட்டுக்காரரு ஓடிப்போயி இருபது வருஷமாச்சு. அவரையும் இது இழுத்துட்டு வருமா?"

அவள் வெற்றியோடுதான் வெளியே வந்தாள். ஆனால் உழுவதற்கென்று எதுவுமே இல்லையே என்னும் அச்சம் உள்ளே ஒட்டிக்கொண்டது. அந்த அச்சத்தில், ஒரு பெட்டி பீருக்குப் பக்கத்துப் பண்ணையின் வேலியோரத்திலிருந்து குதிரைக் காலத்துச் சட்டிக் கலப்பை ஒன்றை வாங்கி வந்தாள். வண்டியில் பூட்டி முடுக்கினாள். கலப்பை அசையவில்லை, வண்டியின் முன்சக்கரங்கள் முரட்டுக் குதிரைபோல் மேலெழும்பின. ஆர்லிஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினாள். கலப்பை நின்ற இடத்திலேயே நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

பிறகு அவள் செய்ததெல்லாம் சில்லறை வேலைகள். ஒரு பொட்டலம் மண்ணைச் சோதனைக்கு அனுப்பினாள். அமிலம் மிகுந்த மண், சுண்ணாம்பு போடு என்று பதில் வந்தது. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பை மண்வெட்டியால் வீசினாள். முதுகில் மாட்டும் தெளிப்பானை இரவல் வாங்கி, களைகளை இருமுறை பட்டுப்போகச் செய்தாள். லூத்தரன் தேவாலயத்துப் புல்வெளியைச் சமன்செய்யும், நீர் நிரப்பி இழுக்கும் உருளையைப் போதகரிடம் கேட்டாள். அவர் அவள் தோட்டத்து ருபார்ப் கீரைத்தண்டு இரண்டு பைக்கு அதை ஒரு வாரம் தந்தார். கழுத்துப் பை முப்பத்தைந்து டாலர். மீதி வேண்டியது ஒரு பரம்பு. மண்ணை மேலாகக் கீறிச் சமன்செய்ய ஏதாவது ஒன்று. அதற்குப் பழைய இரும்புக் கட்டிலின் கம்பிச்சுருள் சட்டகத்தைவிடச் சிறந்தது உலகில் இல்லை என்று தபால் பாதையில் மூன்று பேர் சொன்னார்கள். குடிலில் அப்படிப்பட்ட கட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அது லோவெலுடையது.

ஆர்லிஸ் சட்டகத்தைக் கழற்றினாள். மெத்தைக்கடியில் ஒட்டுப்பலகையைச் செருகினாள். போர்வையை முன்னைவிட அழகாக மடித்து வைத்தாள்.

ஜூலை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, வானிலை அறிக்கை மழை சொன்ன நாளில், இருவரும் வயலுக்கு வந்தார்கள். எமில் மாமா துணி உலர்த்தும் கயிற்றை நடுவில் கட்டிவிட்டு, மடக்கு நாற்காலியில் கொசுவை அடித்தபடி அமர்ந்தார். லோவெலின் வண்டிக்குப் பின்னால் அந்த ஆயிரத்தெண்ணூறு டாலர் இயந்திரம் சிவப்பாக மின்னியது.

"உன்னோட மிஷின் எங்கக்கா? தபால்ல வருதா?"

ஆர்லிஸ் கொட்டகைக்குப் பின்னாலிருந்து சட்டகத்தை இழுத்து வந்து, மேலே இரண்டு சிமெண்டுக் கற்களைக் கட்டினாள். சேறு பூசியிருந்ததால் லோவெலுக்குத் தன் கட்டில் அடையாளம் தெரியவில்லை.

"ஐயோ, படுத்துக்கிட்டே உழப்போறியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நீ சிரிச்சு முடி. பின்னாடி இன்னும் நல்லாச் சிரிப்ப."

லோவெலின் வேலை நாற்பது நிமிடங்களில் முடிந்தது. இயந்திரத்தின் பெட்டியிலிருந்து விதை முன்னால் உதிர்ந்தது. சட்டிகள் பின்னால் வந்து நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணைப் புரட்டின. பார்க்க அழகாகத்தான் இருந்தது, கருத்த கேக்கைப்போல. அகல உழுவதை ஆழ உழு என்பது நெல்லுக்கும் சோளத்துக்கும் பொருந்தும். இவர்கள் மானுக்காக விதைத்த டர்னிப், முள்ளங்கி போன்ற கிழங்கு; அதன் விதை கடுகைவிடப் பெரிதன்று. அதை நான்கு விரல் ஆழத்தில் போடுவது விதைப்பதாகாது, அடக்கம் செய்வதாகும். சோளம் போட்டே பழகிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஆழமே உழவு என்று தோன்றியதில் வியப்பில்லை. இயந்திரத்தை விற்றவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டாவா? விற்பவன் வாய் விலையைச் சொல்லும், வேறென்ன சொல்லும்?

ஆர்லிஸுக்கு அரை நாள் ஆயிற்று. ஆறுமுறை பரம்படித்தாள். உருளையை ஓட்டினாள். பிறகு பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தாள். தடம் அடித்தோலின் கனத்துக்கு மேல் பதியவில்லை. அதுதான் கணக்கு என்று மண் சோதனைக்காரர்களின் துண்டறிக்கை சொல்லியிருந்தது. கழுத்துப் பையைச் சுழற்றி நெடுக்கே பாதியும் குறுக்கே பாதியும் விதைத்தாள். மீண்டும் உருளையை ஓட்டினாள். அவ்வளவுதான், மண் போட்டு மூடவில்லை.

"விதை மேலயே கிடக்குது பாரு. குருவிக்குச் சோறா?" என்றான் லோவெல்.

அவள் வண்டியிலிருந்து இரண்டு கம்பிக்கூண்டுகளை எடுத்தாள். கோழிவலையை உருட்டித் தகரம் வெட்டும் கத்தரியால் அவளே வெட்டிச் செய்தவை. இடுப்புயரம், மேலும் மூடியவை. தன் பாதியில் ஒன்றையும், தம்பியின் பாதியில் ஒன்றையும் ஆப்படித்து நிறுத்தினாள்.

"இது எதுக்கு? தக்காளி வளக்கப் போறியா?"

"காயிதத்துல போட்டிருந்துச்சு. உனக்கும் ஒண்ணு இனாமா வச்சுருக்கேன். காசா கேட்டேன்?"

"வச்சுக்க, வச்சுக்க. அலங்காரமா இருக்கட்டும்."

மழை வந்தது. ஆகஸ்டின் இரண்டாம் வாரத்தில் ஆர்லிஸின் பாதி, பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் அடர்ந்திருந்தது. அவள் வயலோரத்தில் இடுப்பில் கை ஊன்றி நின்று, யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மெல்ல ஒரு பாட்டைச் சீட்டியடித்தாள். அதன்பின் மூன்று வாரம் அவளால் வர இயலவில்லை. பக்கத்துப் பாதைத் தபால்காரரின் இடுப்பு பிசகியதால் இரண்டு தபால் பாதைகளும் அவள் தலையில் விழுந்தன.

உழைப்பாளர் தினத்தன்று மூவரும் வயலை நோக்கி நடந்தார்கள்.

அவளுடைய பாதி மொட்டையாயிருந்தது. விரற்கடை உயரத்துக்குக் காம்புகள் மட்டும் நின்றன. கயிற்றுக்கு அப்பால் லோவெலின் பாதியோ பச்சைப்பசேலென்று முழங்காலளவு நின்றது.

லோவெல் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினான். "மாமா! கண்ணாடியப் போட்டுப் பாருங்க. எது பச்சை?"

எமில் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "பச்சைன்னா... அது உன் பக்கந்தான்டா." அவர் குரலில் வருத்தம் இருந்தது. "ஆர்லிஸ், அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் என் முழங்காலு ஏணி ஏற விடுமா?" ஆர்லிஸ் நடுக் கயிற்றைச் சினத்தோடு பற்றினாள். "இருங்க மாமா. அங்கேருந்தே தீர்ப்புச் சொல்றதுக்கு நீங்க எதுக்கு, ஒரு போட்டோ போதாதா? உள்ள வாங்க. பூட்ஸ் அழுக்கானா நான் கழுவித் தர்றேன்."

அவள் கயிற்றைத் தாண்டி நேரே லோவெலின் பாதிக்குள் நடந்தாள். கையால் ஒரு கொத்தைப் பிடுங்கி நீட்டினாள். அது வெறும் களை. அடுத்த கொத்தும் களை. பிறகு அங்கிருந்த கூண்டைப் பிடுங்கி எறிந்தாள். மான் வாய் வைக்கமுடியாத அந்த வட்டத்துக்குள்ளும் களையே நின்றது. டர்னிப் என்று சொல்ல, நோயாளிபோல் வெளுத்த இரண்டு இலைகள்.

"இது மான் தின்னதில்ல. முளைக்கவே இல்ல," என்றாள். "இப்ப என் பக்கம் வாங்க."

மொட்டை நிலத்தின் நடுவே அவளுடைய கூண்டு நின்றது. உள்ளே டர்னிப் இலைகள் முழங்காலளவு செழித்து, கம்பிக்கண்களுக்கு வெளியே பிதுங்கின. பிதுங்கிய நுனிகள் மட்டும் ஒரே சீராகக் கடிக்கப்பட்டிருந்தன. கூண்டைச் சுற்றி மண் முழுதும் குளம்புத் தடங்கள். கால் வைக்க இடமின்றிப் புழுக்கைகள். ஓரத்துச் சிறுமரத்தில் கலைமான் கொம்பு தேய்த்த பட்டை புதிதாகத் தொங்கியது.

எமில் மாமா குனிந்து ஒரு புழுக்கையைக் குச்சியால் உருட்டினார். நீதிபதிகள் சான்றாவணத்தைப் புரட்டுவதும் அப்படித்தான்.

"லோவெலு, நாம எதுக்குடா விதைக்கிறோம்?"

லோவெல் தரையைப் பார்த்தான். "...மான் தின்றதுக்கு."

"எது தின்னுருக்கு?"

"அக்காது."

"எது வெட்டாம நிக்கிற தலமுடி மாதிரி நிக்குது?"

"போதும் மாமா, புரியுது."

"அது சரி மாமா, நவம்பருக்கு இதுல மீதி இருக்குமா?" என்றாள் ஆர்லிஸ், நேர்மை விடாமல்.

"காம்பு பூரா உயிரோட இருக்குது, திரும்பத் துளுக்கும். அடியில கிழங்கு இருக்கு, பனி விழுந்தா அதையும் தோண்டித் திங்கும். உன் பையில மிச்சம் விதை இருந்தா இன்னிக்கே இன்னொரு தடவ வீசு. சாவிய எடுடா லோவெலு."

குடிலுக்குத் திரும்பியதும் லோவெல் கலைமான் கொம்பில் மாட்டியிருந்த சாவியை எடுத்து அக்காவின் கையில் வைத்தான். பிறகு மனத்தாங்கலோடு போய்த் தன் கட்டிலில் தொப்பென்று விழுந்தான். மரத்தில் மண்டை மோதியதுபோல் ஓர் ஓசை எழுந்தது. எழுந்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தான். கம்பிச்சுருள் இருந்த இடத்தில் ஒட்டுப்பலகை.

"அக்கா. என் கட்டிலு..."

"பின்னாடி இன்னும் நல்லாச் சிரிப்பன்னு சொன்னேனா இல்லையா?"

எமில் மாமாதான் முதலில் சிரித்தார். அடுப்பங்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது இருக்கட்டும். ஒரு மானத் தவறவிட்டாலே சட்டம் இருக்கு. அரை ஏக்கரத் தவறவிட்டவனுக்கு?" என்றார்.

லோவெல் முதுகைத் திருப்பிக் குனிந்துகொண்டான். "தோலப் பாத்து வெட்டுக்கா. புதுச் சட்டை."

ஆர்லிஸ் தகரக் கத்தரியால் வெட்டினாள். பெயரும் ஆண்டும் எழுதித் தன்னுடைய சிவப்புக் கட்டத்துணிக்குப் பக்கத்தில் சுத்தியலால் ஆணியடித்தாள். லோவெல் பின்புறம் காற்றோட்டமாக நின்றபடி, இரண்டு துணிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க," என்றான் தாழ்ந்த குரலில். "அந்தப் பரண்ல மூணாவது படி ஆடும். உன் வலது காலு அதுல பட வேணாம்."

"பதினாலு வருஷமாவா ஆடுது?"

"ம்."

"ஆயிரத்தெண்ணூறு டாலருக்கு மிஷினு வாங்குன. ஒரு ஆணி அடிக்க முடியலையாடா உனக்கு?"

அவள் சுத்தியலையும் நான்கு ஆணிகளையும் எடுத்துக்கொண்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, வயலோரப் பரணை நோக்கி நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, ஏணியைப் பிடித்துக்கொள்ள லோவெலும் பின்னால் ஓடினான்.