பின்னால் மாட்டிய பெல்ட்

கார் வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் வெங்கடசுப்பிரமணியன் அதோடு சண்டை பிடிக்காத நாளே கிடையாது. பெங்களூரில் இருக்கும் மகன் ஸ்ரீராகவ் ஆசையாக வாங்கிக் கொடுத்த கார். பெல்ட் போடாமல் கிளம்பினால் டிங் டிங் என்று கத்தும். முன்சீட்டில் தேங்காய் மூட்டையை வைத்தால் அதையும் ஆளென்று நினைத்துக் கத்தும். பின்சீட்டில் யாராவது உட்கார்ந்தால் அவருக்காகவும் கத்தும்.

“அம்பாசமுத்திரம் போயிட்டு வரதுக்குள்ள பிராணனை வாங்கிடறதுடா” என்று மகனிடம் போனில் புலம்புவார்.

இத்தனைக்கும் மனிதர் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர். ஓடுகிற பஸ் சட்டென்று நின்றால் உள்ளே இருப்பவன் ஏன் முன்னால் போய் விழுகிறான் என்று கரும்பலகையில் படம் போட்டுப் போட்டே கை ஓய்ந்தவர். அவருக்குத்தான் அந்தச் சத்தம் ஆகாது.

தம்பி மகள் சுப்ரஜாவுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். மனைவி ஜயலக்ஷ்மியும் மற்றவர்களும் விடியற்காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். கல்லிடைக்குறிச்சி வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு. ஒன்று, சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய அப்பளப் பெட்டி. இன்னொன்று, செல்லக்கிளி. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, முற்றம் கூட்டி, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவள். மண்டபத்திலும் அவள் கை வேண்டியிருந்தது.

பெட்டியை முன்சீட்டில் வைத்தார். கார் கத்துமே என்று அதற்கு பெல்ட்டைச் சுற்றி மாட்டி, அசைகிறதா என்று இரண்டு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டார். ஒரு அப்பளம் உடைந்தாலும் ஜயலக்ஷ்மி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு செல்லக்கிளியை முன்னால் உட்கார வைத்திருக்கலாம்தான். அது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால், தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்பதும் சேர்ந்தே தோன்றியிருக்கும்.

தெருமுனை தாண்டவில்லை, கார் கத்த ஆரம்பித்தது. பின்சீட்டு. எரிச்சலோடு ஓரங்கட்டி, இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். செல்லக்கிளி பெல்ட்டின் நுனியைக் கையில் பிடித்தபடி இருந்தாள்.

“சாமி, இத மாட்டணும்லா?”

“விடு, விடு. நீ செத்த கீழே இறங்கு.”

இவளுக்கு எங்கே மாட்டத் தெரியப்போகிறது என்று நினைத்தார். தெரியாவிட்டால் அவர்தான் குனிந்து, அவள் மேலாகக் கையை நீட்டி மாட்டிவிட வேண்டும். அந்த எண்ணம் வந்ததுமே உடம்பு தானாக ஒரு அடி பின்வாங்கியது. தன்னைத் தீட்டுப் பார்க்கிறவர் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. காலம் மாறிவிட்டது, எல்லோரும் ஒன்று என்று ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறவர். ஆனால் கூட்டத்துக்கு வாய் போனால் போதும், உடம்பு போக வேண்டியதில்லை.

அவள் இறங்கியதும் ஆளில்லாத சீட்டில் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

“இப்போ ஏறி இதுக்கு முன்னாடி உக்காந்துக்கோ. பின்னாடி உக்கார்றவாளுக்கு இதெல்லாம் அவசியமில்லை.”

செல்லக்கிளி பெல்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு ஏறி, பெல்ட் முதுகில் உறுத்த உட்கார்ந்துகொண்டாள். கார் வாயை மூடிக்கொண்டது. காரையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் அவர் சேரன்மகாதேவி வரைக்கும் முணுமுணுவென்று பாடிக்கொண்டுகூட வந்தார்.

பத்தமடை தாண்டி, வாழைத்தோட்டத்துக்குள்ளிருந்து ஆடுகள் திடுதிப்பென்று ரோட்டில் பாய்ந்தன. பிரேக்கை ஓங்கி மிதித்தார். அவர் நெஞ்சை பெல்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் மட்டும் தொம்மென்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தார். செல்லக்கிளி முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே மடங்கிக் கிடந்தாள். புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். வலது கை மணிக்கட்டுக்குமேல் ஒருமாதிரி கோணியிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்புறம் கேட்டாள்.

“சாமி, அப்பளம் ஒடையலேல்லா?”

பெட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். தையல் போட்டார்கள், படம் எடுத்தார்கள். முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கட்டிலருகே நின்று விவரம் எழுதிக்கொண்ட நர்ஸ் தலை நிமிராமலே கேட்டாள்.

“பெல்ட் போட்டிருந்தாங்களா?”

“இல்லை.”

“ஏன் சார்? இப்ப பின்னாலயும் போடணுமே.”

“நான் சொன்னேன்” என்றார் வெங்கடசுப்பிரமணியன். “அவதான் வேண்டாம்னுட்டா.”

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எச்சில் விழுங்குவதுபோல அத்தனை சுலபமாக வந்துவிட்டது. கண்ணை மூடிக் கிடந்த செல்லக்கிளி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

“ஆமாம்மா” என்றாள் நர்ஸிடம். “நாந்தான் வேண்டாம்னேன்.”

காலுக்குக் கீழே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவருக்கு. அவள் மறுத்துப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதற்குள் தகவல் தெரிந்து செல்லக்கிளியின் மகள் தேன்மொழி ஓடி வந்தாள். பக்கத்தில் பேட்டையில் கட்டிக்கொடுத்த பெண். அம்மாவின் கட்டுப்போட்ட கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். நர்ஸ் அவளையும் விடவில்லை. “உங்க அம்மாகிட்ட நல்லாச் சொல்லுங்க. சார் சொல்லியும் பெல்ட் போடமாட்டேன்னுட்டாங்களாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேன்மொழியின் அழுகை நின்றது.

“நீயாம்மா போடமாட்டேன்ன?”

“ஏளா, சும்மா இரி. மறந்துட்டேன்.”

“நீயா மறந்த?” என்றவள் வெங்கடசுப்பிரமணியன் பக்கம் திரும்பினாள். “சார், எங்க வீட்டுக்காரரு டாக்ஸி ஓட்டுதாரு. அம்மா ஏறுனதும் மொதல்ல பெல்ட்டத்தான் தேடும். அதுவா மாட்டிக்கிட்டு, எம்புள்ளைகளுக்கும் மாட்டிவிடும். யாரும் சொல்லவே வேண்டாம்.”

அப்படியானால் காலையில் அவள் கேட்டது எப்படி மாட்டுவது என்றல்ல. மாட்டிக்கொள்ளலாமா என்றுதான். இவர் குனிந்திருக்கவே வேண்டாம், கையை நீட்டியிருக்கவே வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் தன் வீட்டில் இருந்தவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறார்.

“அவ பொய் சொல்றாம்மா” என்றார். “எனக்காகச் சொல்றா. அவ கேட்டா. நான்தான் பெல்ட்டை முதுகுக்குப் பின்னாடி மாட்டிட்டு உக்காரச் சொன்னேன்.”

“ஏன் சார்?”

“சத்தம்... அந்தச் சத்தம் தாங்கலைம்மா.”

தேன்மொழி கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாதவளாகத்தான் கேட்டாள்.

“அம்மா மேல மாட்டியிருந்தாலும் சத்தம் நின்னுருக்குமே சார்?”

அவர் கட்டிலைப் பார்த்தார். அதற்குப் பதில் தெரிந்த இன்னொருத்தி அங்கே இருந்தாள். செல்லக்கிளி சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.