கம்பி கட்டிய பல்

மாப்பிள்ளையின் தாயார் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு சாராளின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"கம்பி எதுக்குக் கட்டியிருக்காக? சீக்கு ஏதும் இல்லயே?"

"சீக்கெல்லாம் இல்ல மதினி," என்றார் சாராளின் அப்பா பலவேசம். போடி கடைவீதியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர். சரக்கு வாங்க வந்தவர்களிடம் பேசும் அதே குரலில்தான் பேசினார். "முன்பல்லு கொஞ்சம் எத்தலா இருந்துச்சு. மதுரையில சீமைக்குப் போய்ப் படிச்ச டாக்டரு இருக்காக. கம்பி போட்டு உள்ள தள்ளுறாக. கல்யாணத்துக்குள்ள வரிசையாயிரும்."

சாராளுக்கு அந்தப் பல்லால் ஒரு குறையும் இருந்ததில்லை. அதை வைத்துக்கொண்டுதான் எட்டாவது வரை படித்தாள், கோயிலில் பாட்டுப் பாடினாள், கரும்பு கடித்தாள். வந்த வரன்கள் பல்லைச் சொல்லித் தட்டிப்போன பிறகு அது வீட்டுக்கே குறையாயிற்று. மாதந்தோறும் ரயிலில் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். கடைவாய்ப் பற்களுக்குப் பூண் மாட்டி, குறுக்கே கம்பி ஓட்டி, போகும்போதெல்லாம் டாக்டர் அதை முறுக்கி இறுக்கினார். அப்புறம் நாலைந்து நாள் கஞ்சிதான். கன்னத்தின் உட்புறம் உரசிப் புண்ணாகி, ஜெபத்தில் ஆமென் சொல்லவே வாய் எரியும். அழுதால், "பொறுத்துக்கத்தா, ஒனக்காகத்தான" என்பார் அப்பா.

எதிரே நாற்காலியில் மாப்பிள்ளை ஏசுதாசன் உட்கார்ந்திருந்தான். தேனியில் ஜவுளிக்கடை. வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவன் காப்பி குடிக்கும்போதுதான் தெரிந்தது: மேல்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு பல் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றது.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று சாராள் பார்த்தாள். அம்மா பலகாரத் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான்.

சாராள் தன் உதட்டிலிருந்த மாப்பிள்ளையின் தாயாருடைய கையை விலக்கினாள்.

"போதும் அத்தே. இனி அவுகளையும் வாயைத் தொறக்கச் சொல்லுங்க. நானும் பாத்துக்கிறேன்."

அப்பா எழுந்துவிட்டார். "உள்ள போ."

"பாத்துட்டுப் போறேன்."

"ஆம்பளைக்குப் பல்லப் பாத்தா பொண்ணு குடுக்காக?" என்ற தாயார், கிளம்புவோம் என்று மகனின் தோளைத் தொட்டாள்.

அவன் எழவில்லை. முகம் கறுத்துப்போயிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சாராளைப் பார்த்தான்.

"வலிக்குமா?"

"வலிக்கும்."

இத்தனை மாதத்தில் அதை அவளிடம் கேட்ட முதல் ஆள் இவனாக இருந்ததில் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அங்கிருந்து அவள் நகரவில்லை.

ஏசுதாசன் ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, கண்களை மூடிக்கொண்டு, வாயை அகலத் திறந்தான்.