பதினொன்றாவது நிமிடம்

1.

படகில் இருந்தவர்கள் ஆறு பேர். லிப்ட் மெக்கானிக். அவன் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். அவர்களுடைய நண்பர்கள் இருவர்: ஒருவன் ஆடிட்டர், ஒருத்தி வேதியியல் டீச்சர். படகோட்டி. ஆறாவதாக, மெக்கானிக்கின் தந்தையான பெரியவர். ஏழாவது ஆள் கிடையாது. இதை எடுத்த எடுப்பிலேயே எழுதக் காரணம், அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்ததுபோலப் பேசுகிறவர்கள் இப்போது நாற்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள்.

இந்தக் கதையை எழுதுகிறவரும் அந்தப் பெரியவர்தான். முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பிறருடைய வாக்குமூலங்களை எழுதியவர். 'நான்' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களில் எத்தனை பொய் வரும் என்று அறிந்தவர். ஆகவே அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்துவதாக இல்லை. 'பெரியவர்' என்றே இருக்கட்டும். மரியாதையாகவும் இருக்கிறது.

கதை பிறந்த காரணத்தையும் ஒளிக்க வேண்டியதில்லை. டைவிங் கிளப்பில் அடுத்த மாதம் இன்னும் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் வேறொரு கப்பலுக்குப் போகிறார்கள். குழுவுக்குத் தலைவன் யார் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். மெக்கானிக் அந்த இடத்துக்கு ஆறு வருடமாகக் காத்திருக்கிறான். அவன் பெயர்தான் என்று முடிவாகியிருந்தது. இப்போது செயலாளர் "பார்க்கலாம்" என்கிறார். ஏனென்றால் கப்பலைக் கண்டதும் கைகால் உதறி மேலே ஓடிவந்தவன் என்று ஊர் பேசுகிறது.

அதனால்தான் கிளப்பின் ஆண்டு மலருக்கு இந்தக் கதை. குடும்ப மானம் காக்கப்பட வேண்டும்.

2.

முதல் தொடக்கம்: "நீலக் கடலின் மடியில் நாற்பது ஆண்டுகளாக உறங்கும் அந்தக் கப்பல்..." (அடித்தாயிற்று. பெரியவர் கடலின் மடி எதையும் பார்க்கவில்லை. படகுப் பலகையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.)

இரண்டாம் தொடக்கம்: "இந்தக் குடும்பத்தில் எவரும் எதிலிருந்தும் பாதியில் திரும்பியதில்லை." (இது இருக்கட்டும்.*)

* சித்தப்பா ஒருவர் கல்யாண மேடையிலிருந்து திரும்பினார். அவர் வேறு கிளை.

மூன்றாம் தொடக்கம்: சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நால்வரும் இறங்கினார்கள், கப்பலின் வெளிப்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், ஏறினார்கள், பசியோடு சாப்பிட்டார்கள். ஒழுங்காக நடந்த நாளை வைத்துக் கதை எழுத முடியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்குப் போவோம்.

3.

ஞாயிறு காலை கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. சர்க்கரை மூட்டை ஏற்றிவந்து மூழ்கிய கப்பல் அது. உள்ளே ஓர் அறையில் முகம் கழுவும் தொட்டியும் அதன் மேல் உடையாத கண்ணாடியும் இன்னும் இருக்கின்றனவாம். இன்று உள்ளே போவதாகத் திட்டம்.

"அந்தக் கண்ணாடியில ஒரு தடவை மூஞ்சியப் பாத்துட்டா போதும்," என்றாள் மருமகள்.

"வீட்டுல இருக்கற கண்ணாடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் மெக்கானிக்.

"அதுக்கு முன்னாடி நீங்க நிக்கிறீங்களே, நகர்ந்தாத்தானே!"

ஆடிட்டர் தண்ணீரை எட்டிப் பார்த்தான். "அத்தனை மூட்டை சர்க்கரை கரைஞ்சிருக்கு. கடல் இன்னும் உப்பாத்தான் இருக்கு. எங்கயோ கணக்கு இடிக்குது."

படகோட்டி விதிகளைச் சொன்னார். "உள்ள யாருக்கு எப்ப வேண்டாம்னு தோணினாலும் மேல போலாம்னு சைகை காட்டலாம். ஒருத்தர் காட்டினா நாலு பேரும் வரணும். ஏன்னு கேக்கக் கூடாது. படகுல ஏறினப்புறமும் கேக்கக் கூடாது. மேல ஏதாவது ஆச்சுன்னா இந்த ஸ்பேனரால ஏணியில மூணு தட்டு தட்டுவேன். தண்ணிக்குள்ள கணீர்னு கேக்கும். உடனே வந்துடணும்."

(ஏணி பற்றிய வரிகளை அடித்துவிட வேண்டும். கதைக்குத் தேவையில்லை.)

"ஏன்னு கேக்கக் கூடாதா? இது என்ன விதி?" என்றார் பெரியவர். கேட்பதற்கென்றே கட்டப்பட்ட இடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவர்.

"கேப்பாங்கன்னு தெரிஞ்சா, வெக்கப்பட்டுக்கிட்டு சைகை காட்டாம இருந்துடுவாங்க அங்கிள். அப்புறம் ஆளே இருக்க மாட்டாங்க," என்றாள் டீச்சர், காலில் நீச்சல் துடுப்பை மாட்டிக்கொண்டே.

4.

நால்வரும் இறங்கினார்கள். படகோட்டி எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீரின் மேல் நான்கு இடங்களில் குமிழிகள் வந்து வெடித்தன. மகனுடையது எது என்று அவருக்குத் தெரிந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டார். ஒன்பதாவது நிமிடம் வரை நான்கு. அப்புறம் மூன்று. அப்புறம் ஒன்று. பத்தாவது நிமிடத்தில் கடல் துடைத்துவிட்ட தரை மாதிரி இருந்தது. பெரியவர் குடையைக் கீழே வைத்துவிட்டு

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

பதினொன்றாவது நிமிடத்தில் யாரோ சைகை காட்டினார்கள். முறைப்படி மெதுவாக மேலே வந்தார்கள். முதலில் தலையை நீட்டிய மெக்கானிக், "அப்பா, ஒண்ணும் இல்லையே?" என்றான்.

(கீழே பயந்தவன் மேலே இருப்பவரைப் பார்த்து ஏன் அப்படிக் கேட்க வேண்டும் என்று வாசகர் யோசிக்கக்கூடும். யோசிக்க வேண்டாம்.)

விதிப்படி யாரும் எதுவும் கேட்கவில்லை. கரையில் கிளப் செயலாளர் கேட்டார். அவர் படகில் ஏறாதவர். விதி அவரைக் கட்டுப்படுத்தாது.

"என்னப்பா, போன வேகத்துலயே திரும்பிட்டீங்க?"

மெக்கானிக் ஒருமுறை தந்தையைப் பார்த்தான். பெரியவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் போதும்னு தோணுச்சு சார்," என்றான்.

பெரியவர் அந்த முடிச்சை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார்.

5.

கதைக்கு இன்னொரு கோழை வேண்டியிருந்தது. ஆடிட்டர் பொருத்தமானவனாகத் தோன்றினான். சம்மதம் கேட்பது முறை என்பதால் பெரியவர் அவன் அலுவலகத்துக்கே போனார்.

"தாராளமா என்னைப் போட்டுடுங்க அங்கிள். ஏற்கெனவே நான் கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல ஏறினவன். புதுசா என்ன போயிடப் போகுது?"

"உண்மையாவே நீதான் காட்டினியா?"

"ஆமா, நான்தான்."

திருப்தியாக வீடு திரும்பி மூன்று பக்கம் எழுதினார். மறுநாள் டீச்சர் போன் செய்தாள். "அங்கிள், பாவம் அவனை எழுதாதீங்க. காட்டினது நான்தான்." அன்று மாலை, அவள் பொய் சொல்வதாகச் சொல்ல ஆடிட்டர் மறுபடி அழைத்தான். ஒரே குற்றத்துக்கு மூன்று பேர் போட்டி போட்டு ஒப்புக்கொண்ட வழக்கு, பெரியவரின் அனுபவத்தில் கிடையாது.

படகோட்டியிடமும் போனார். "யார் காட்டினாங்கன்னு நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். எஞ்சினுக்குள்ள தலைய விட்டிருந்தேன். எனக்கு எதுவும் கேக்கல."

பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை. இப்படி ஒரு பதிலை நீதிமன்றத்தில் எழுதும்போது பெரியவர் அடியில் ஒரு கோடு போட்டுவைப்பார். இங்கே போடவில்லை.

கடைசியாக மருமகள். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயாவது உண்மையச் சொல்லும்மா. சைகை காட்டினது யாரு?"

"நாலு பேரும்தான் மாமா. ஒரே நேரத்துல."

"அது எப்படி?"

"நாலு பேருக்கும் காது நல்லா கேக்கும் மாமா. சாப்பிட வாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த மகன் தலையை நிமிர்த்தாமல், "யார் காட்டினா என்னப்பா? சாப்பிடுங்க," என்றான்.

6.

பெரிய மீன் ஒன்று வழிமறித்ததாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தாயிற்று. காற்று அளவு காட்டும் கருவி பழுதானதாக இன்னொன்று. இரண்டும் படிக்க நன்றாகவே இருக்கின்றன, குடும்ப மானமும் பத்திரம். இரண்டையும் கிழித்தாயிற்று. இனி முடிவு எழுதுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை பலகையில் யார் பெயர் இருக்கும், அந்தக் கண்ணாடியில் மருமகள் என்றைக்கு முகம் பார்ப்பாள் என்பதையெல்லாம் வாசகரே முடித்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு திருத்தம். செயலாளரின் கவனத்துக்கும்.

லிப்ட் மெக்கானிக் பயந்துபோய்ச் சைகை காட்டியதாகப் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கூப்பிட்டார்கள், வந்தான். கப்பலுக்குள் நுழைந்தால் குமிழிகள் கூரையில் தங்கிவிடும், மேலே வராது என்பது தெரியாமல், படகோட்டியின் ஸ்பேனரை எடுத்து ஏணியில் மூன்று தட்டு தட்டியவன் நான்.