குன்றின் மேல் எட்டு பாட்டரிகள்

உகாண்டாவின் ஃபோர்ட் போர்ட்டலில் செல்லப் பெயர் சொல்லாமல் ஒருவரை நலம் விசாரித்தால் அது விசாரிப்பே இல்லை, வம்புக்கு இழுப்பது. அதனால் மருத்துவமனையின் இணைய வேலையை ஏற்ற முதல் வாரமே கதுசாபே, தன் அறையில் விளக்கு மினுக்கிக்கொண்டு நின்ற ரவுட்டர்களுக்கெல்லாம் ஒவ்வொரு செல்லப் பெயராக வைத்துவிட்டாள். அவள் கணவன் ருசோக்கே மட்டும், "என் பேரை எந்தத் தகரத்துக்காவது வெச்சே, அப்புறம் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று மிரட்டியிருந்தான். அவன் செல்லப் பெயர் அராலி. அவளுடையது அப்வோலி.

மலைக்கு அந்தப் பக்கம் மருத்துவமனைக்கு ஐந்து சிற்றூர்க் கிளினிக்குகள். எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, டாக்டரின் யோசனை எல்லாம் சாலையோரம் புதைத்த ஃபைபர் கம்பி வழியாகத்தான் போகும், வரும். கம்பி அறுந்தால், குன்றின் மேல் இருக்கும் ரேடியோ கோபுரம் அந்தச் சுமையைத் தானாகவே தூக்கிக்கொள்ள வேண்டும். கோபுரத்தைப் பார்த்துக்கொள்வது ருசோக்கே. திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவான்.

கதுசாபே எழுதி வைத்த நிரல் பத்து நொடிக்கு ஒரு தரம் எல்லாப் பெட்டிகளையும் "இருக்கிறாயா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் திரையில் பச்சை. எட்டு மாதமாக ஒரே பச்சை. காலை ஏழு மணிக்கு அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கணவனுக்குப் போன் போடுவாள்.

"நல்லா தூங்கினியா, அராலி?"

"நல்லா தூங்கினேன், அப்வோலி."

அவ்வளவுதான், வைத்துவிடுவாள். அந்த ஊர் வழக்கப்படி இது பாதி விசாரிப்பு. முதல் கேள்விக்கு, கூரையே பற்றி எரிந்தாலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். "வேற என்ன சேதி?" என்று இரண்டாவது முறை கேட்டால்தான் எரிகிற கூரை வெளியே வரும். காலை அவசரத்தில் கதுசாபே அந்த இரண்டாவது கேள்வியை விழுங்கியிருந்தாள். சனிக்கிழமை வீட்டில் வேலைப் பேச்சு கூடாது என்று சட்டம் போட்டவளும் அவள்தான். கெட்டிக்காரிதான், என்ன செய்ய.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாலை தோண்டியவர்கள் ஃபைபரை வெட்டிவிட்டார்கள். இருபது நொடியில் குன்று சுமையை ஏற்றுக்கொண்டது. கதுசாபே நாற்காலியிலிருந்து எழுந்து தனக்குத்தானே கை தட்டிக்கொண்டாள். அன்று குன்றில் மின்சாரமும் இல்லை. பதினோராவது நிமிடம் கோபுரம் செத்தது. ஒரு பிள்ளையின் முறிந்த கையின் படம் பாதி வழியில் நின்றது. வலியில் கதறிய அந்தப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் டாக்டரின் பதில் போயிற்று.

அவள் மோட்டார் சைக்கிள் டாக்சி பிடித்துக் குன்றேறினாள். ருசோக்கே பாட்டரி அலமாரியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எட்டு பாட்டரிகளில் ஐந்து வயிறு உப்பிக் கிடந்தன.

"எப்பலேர்ந்து இப்படி?"

"மழைக்காலம் தொடங்கினதிலேர்ந்து. ஸ்டோருக்கு மூணு கடுதாசி போட்டேன். அனுப்பறோம், அனுப்பறோம்னாங்க."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? தினம் போன் பண்றேனே!"

"தூங்கினியான்னு கேட்டே. தூங்கினேன்னேன். அதுக்குள்ள வெச்சுட்டே." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "அதோட, பச்சையைப் பார்த்தா உன் குரலே மாறிடுது, அப்வோலி. அதைக் கெடுக்க மனசு வரலே."

திட்டத்தான் ஏறி வந்திருந்தாள். திட்டவும் செய்தாள். நடுவில் எங்கோ அழுகை வந்துவிட்டது. தன் நிரலும் தன்னைப் போலத்தான் கேட்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது. "இருக்கிறாயா" என்று மட்டும் கேட்டது. எத்தனை நேரம் தாங்குவாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மருத்துவமனை நிர்வாகி கோமுஹெண்டோ, செல்லப் பெயர் அட்யேரி, கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறாத பெண்மணி. நல்லவேளை, குன்றை மூடும் தாளில் இன்னும் போட்டிருக்கவில்லை.

"குன்றை மூடிடறேன். தலைநகர் கம்பெனி ஒண்ணு மாத்து லைன் தர்றேங்குது. உன் வீட்டுக்காரருக்கு அங்க நம்ம கிடங்குல வேலை போட்டுத் தர்றேன்."

தலைநகர் முந்நூறு கிலோமீட்டர். மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. வாரத்தில் இரண்டு நாள் கணவனே போதாமல் இருந்த கதுசாபே கெஞ்சினாள்.

"அட்யேரி அம்மா, ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துட்டு மூடுங்க."

"சரி. அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்து மணி. குன்றுல மின்சாரத்தை அணைச்சுட்டு, மொத்த சுமையும் அது மேல. ஒரு மணி நேரம் தாங்கினா குன்று இருக்கும். தாங்கலேன்னா, ரெண்டு பேரும் என்கிட்ட பேச்சு வெச்சுக்கக் கூடாது."

புது பாட்டரி கிடைக்கவில்லை. மூடிப்போன ஒரு கிளினிக்கின் சோலார் பாட்டரிகளில் ஐந்தைத் தேடிப் பிடித்து ருசோக்கே மாட்டினான். கதுசாபே குன்றின் வோல்ட் அளவு தன் திரையில் தெரிகிற மாதிரி ஒரு மீட்டர் பொருத்தினாள். பச்சை விளக்குக்குப் பக்கத்தில் இப்போது ஓர் எண்ணும் இருந்தது. காலைப் போனும் நீண்டது. "வேற என்ன சேதி?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். முழங்கால் வலி, ஒழுகும் கூரை, கேழ்வரகுக் களியில் கல் என்று எட்டு மாதச் சேதி வரிசையாக வந்தது. வேலைக்கு நேரமானாலும் அவளுக்கு அது இனித்தது.

வியாழன் பத்து மணிக்குச் சுமை குன்றுக்குப் போயிற்று. நிர்வாகி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். திரையில் ஐம்பது. அரை மணியில் நாற்பத்தொன்பது. ஐம்பதாவது நிமிடம் நாற்பத்தேழு. நாற்பத்து நான்கில் கோபுரம் அணைந்துவிடும். பக்கத்து அறையில் டாக்டர், மலைக்கு அந்தப் பக்கக் கிளினிக்கிலிருந்த ஒரு கர்ப்பிணியின் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்து மூன்றாவது நிமிடம். நாற்பத்தாறு.

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "அராலி, நிஜத்தைச் சொல்லு. இன்னும் ஏழு நிமிஷம் தாங்குமா?"

"தாங்கும்" என்று சொன்னால் அவன் ஊரில் இருப்பான், ஒருவேளை. அவளும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டாள், ஒளிப்பானேன்.

"தாங்காது, அப்வோலி. பாட்டரி மேல கை வெச்சுப் பார்த்தேன். ரெண்டு கொதிக்குது. திருப்பிடு."

அவள் நிர்வாகியைப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். சுமை ஃபைபருக்குத் திரும்பியது. பக்கத்து அறையில் டாக்டரின் குரல் ஒரு சொல் கூடத் தடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஐம்பத்து மூணு நிமிஷம்" என்றார் நிர்வாகி.

"ஆமாம்மா. தோத்துட்டோம்."

நிர்வாகி எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். "டாக்டர், லைன் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தானே இருக்கு? ஏன், ஏதாவது ஆச்சா?"

கதவைச் சாத்திவிட்டு வந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். கட்டி முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

"போன தடவை குன்று செத்துப்போனது அந்தப் பிள்ளை அழுதுதான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னிக்கு அது சாகறதுக்கு முன்னாடியே அதைப் பார்த்துக்கற ஆளே சொல்லிட்டார். குன்று வேலை போகும்னு தெரிஞ்சும் சொன்னார். தலைநகர் கம்பெனிக்காரன் எனக்கு இப்படிச் சொல்வானா? புது பாட்டரிக்குத் தாளைக் கொண்டா. எட்டும். வாரா வாரம் இதே சோதனையை நடத்து."

போன் இன்னும் அணையாமல் கதுசாபேயின் கையில் இருந்தது.

"அப்வோலி?" என்றான் ருசோக்கே. பின்னால் காற்று இரைந்தது. "என்ன சொன்னாங்க? காலையிலேயே துணியெல்லாம் மடிச்சுப் பெட்டி கட்டிட்டேன். மனசைத் தேத்திக்கலாம்னுதான். எப்ப இறங்கணும்?"

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சனிக்கிழமை" என்றாள். "எப்பவும் போல. பெட்டியைப் பிரிச்சுடு."