தேவானந்தம் நினைவுக் கோப்பை

"நீ குடுக்க வேணாம். சரோஜினி குடுக்கட்டும்," என்றாள் ஞானம்மாள்.

சாப்பாட்டு மேஜையில் இருந்த வெள்ளிக் கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த ஞானஜோதியின் கை அப்படியே நின்றுவிட்டது. விடிந்தால் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. செத்துப்போன கணவன் தேவானந்தத்தின் பேரால் அந்தக் கோப்பை முதல் தடவையாக ஒரு பெண்ணின் கைக்குப் போகப்போகிறது.

"நான்தான் குடுக்கிறதா பேச்சு, அத்தை."

"பேச்சு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. யோசிச்சுப் பார்த்தா சரிப்படல. ஜெயிச்சிட்டு ஆசை ஆசையா வர்ற கன்னிப் பொண்ணு. அது கையில நீயா ஒண்ணைக் குடுக்கிறது? வாழ்ற கை குடுக்கணும்டி."

வாழ்கிற கைக்குச் சொந்தக்காரி மூத்த மருமகள் சரோஜினி. கூடத்தில் இரண்டு பட்டுப்புடவைகளை மாற்றி மாற்றித் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மஸ்கட்டில், இவள் சேலையூரில். வருஷத்துக்கு ஒரு மாதம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தால் அதிகம், அந்த ஒரு மாதமும் சண்டையில் போகும். இருந்தாலும் அது வாழ்கிற கை. அதை யார் மறுக்க முடியும்?

ஞானஜோதி மாமனாரைப் பார்த்தாள். சுவிசேஷமுத்து ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். சபைக் கமிட்டியிலும் பள்ளிக்கூடக் கமிட்டியிலும் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ரொம்பவும் கனிவாகப் பேசினார்.

"அம்மாடி, நம்ம மார்க்கத்துல ராசி, சகுனம் எல்லாம் கிடையாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா ஸ்கூல்ல பாதிக்கு மேல இந்துப் பிள்ளைங்க. தாய் தகப்பனெல்லாம் வருவாங்க. புருஷன் இல்லாதவங்க கையால குடுத்தா அவங்க மனசு சங்கடப்படும். பலவீனமானவங்களுக்கு நாம இடறலா இருக்கக் கூடாது. வேதத்துல பவுலே சொல்லியிருக்காரு."

பவுல் அதைச் சொன்னது விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைப் பற்றி. மருமகளின் கையைப் பற்றி இல்லை. ஞாயிறுப் பள்ளியில் பரிசு வாங்கியவள் ஞானஜோதி, அவளுக்கு அது தெரியும். தெரிந்து என்ன? வாயில்லாத மருமகளுக்கு வேத ஞானம் எதற்கு?

"ஜெபத்துக்கு நேரமாச்சு," என்று ஞானம்மாள் பாயை விரித்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுவிசேஷமுத்து ஜெபித்து முடித்ததும் எல்லாரும் ஒன்றாக ஆமென் சொல்ல மாட்டார்கள். முதலில் ஞானம்மாள், பிறகு சரோஜினி, கடைசியில் ஞானஜோதி என்று வயசு வரிசைப்படி ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கடைசி ஆமென் விழுகிறவரை யாரும் முழங்காலை எடுக்கக் கூடாது, சோற்றுப் பானையைத் திறக்கக் கூடாது. குடும்பம் ஒருமனப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்பார் சுவிசேஷமுத்து. அன்றைக்கும் ஞானஜோதி ஆமென் சொன்னாள்.

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அழாமல் எப்படி இருப்பாள்? அந்தக் கோப்பை வானத்திலிருந்து விழவில்லை.

எங்கள் ஜனங்களுக்குத் தாலி அறுக்கிற வழக்கம் கிடையாது என்று அந்தக் குடும்பம் அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்ளும். வாஸ்தவம், அறுக்கவில்லை. போன வருஷம் தேவானந்தத்தைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த சாயங்காலம், ஞானம்மாள் மருமகளின் பின்கழுத்தில் கைவிட்டுச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றினாள். "கழுத்துக்கு எதுக்கு பாரம்," என்றாள். அவ்வளவு நாகரிகமாக முடிந்தது காரியம். சிலுவை பதித்த தாலியும் சங்கிலியும் பீரோவுக்குள் போயின.

தேவானந்தம் அதே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மஞ்சள்காமாலையை இரண்டு வாரம் வெயிலில் நின்றே கழித்தான், படுத்தபோது காலம் கடந்துவிட்டது. அவன் நினைவாகக் கோப்பை வைக்கலாம் என்று சுவிசேஷமுத்து சொன்னபோது பீரோவைத் திறந்து சங்கிலியை எடுத்துக் கொடுத்தவள் ஞானஜோதி. தாம்பரத்துக் கடையில் பொன் போட்டு வெள்ளி வாங்கினார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, கப்பை நான் குடுக்கணும்." அவர் அவள் தலைமேல் கைவைத்துச் சரி என்றார்.

அந்த ஆசைக்கும் ஒரு காரணம் இருந்தது. விளையாட்டு விழா முடிந்து வீட்டுக்கு வருகிற ராத்திரிகளில் தேவானந்தம் புலம்புவான். "வர்ற பெரிய மனுசன் எவனும் பிள்ளை மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கிறான், ஜோதி. கேமராவைப் பார்த்துக்கிட்டே கப்பைக் குடுக்கிறான். அந்தப் பிள்ளை மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது. அது கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவான்?" அந்தக் குறையை ஒரே ஒரு தடவை தன் கையால் தீர்க்க வேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு. தன் கழுத்தை விட்டுப் போனது ஒரு பிள்ளையின் கைக்கு மரியாதையாகப் போய்ச் சேர வேண்டும் என்று இருந்தாள்.

அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குத் தற்காலிக டீச்சராக இருந்தாள் ஞானஜோதி. காலையில் தலைமையாசிரியை தபீதாளிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"குடும்ப விஷயம் ஜோதி, நான் எப்படித் தலையிடறது? உங்க மாமா கமிட்டில இருக்காரு. உன் வேலையும் அவர் சொல்லித்தானே போட்டது," என்றாள் தபீதாள். நல்ல மனுஷிதான், ஆனால் நாற்காலி அதைவிட நல்லது. "நீ பின்னால குளுக்கோஸ் தண்ணி, ஆரஞ்சு எல்லாம் பார்த்துக்கோயேன். உனக்கும் மனசு லேசா இருக்கும்."

அப்படியாகத்தான் கோப்பைக்குச் சொந்தக்காரி ஷாமியானாவுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஆரஞ்சுச் சுளை உரித்துக்கொண்டு நின்றாள். மாமியார் முன்வரிசை நாற்காலியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். மைதானத்துக்கு அப்பால் மின்சார ரயில் போகிறபோதெல்லாம் மைக்கில் பேசுகிறவர்கள் நிறுத்திக் காத்திருந்தார்கள்.

கோப்பைக்குரிய ஓட்டமான, பெரிய பெண்களுக்கான நானூறு மீட்டர் ஆரம்பமானது. பத்தாம் வகுப்பு அம்மணி வெறுங்காலோடு வந்து கோட்டில் குனிந்தாள். பம்மல் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிற ரத்தினத்தின் மகள். தேவானந்தம் கண்டெடுத்த பிள்ளை அவள். தினமும் விடிகாலையில் அவளை ஓடவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன முட்டையைக் கொடுப்பான். கடைசி வளைவில் மூன்றாவதாக வந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரையும் தாண்டினாள். ஞானஜோதி கையில் சுளையோடு தன்னையறியாமல், "ஓடு! கையை வீசு!" என்று கத்தினாள். அது தேவானந்தம் கத்துகிற கத்தல்.

அம்மணி ஜெயித்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த அவள் அம்மா ரத்தினம் டிரம்மில் தண்ணீர் மொண்டு குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள். நெற்றியில் காலணா அளவு குங்குமம். அந்த நேரம் பார்த்து மைக்கில் சுவிசேஷமுத்துவின் குரல் கேட்டது.

"எங்கள் அருமை மகன் தேவானந்தத்தின் நினைவுக் கோப்பையை வழங்க, அவர் துணைவியார் உடல்நலக் குறைவால் வர இயலாத காரணத்தால், எங்கள் மூத்த மருமகள் திருமதி சரோஜினி அவர்களை அழைக்கிறோம்."

ரத்தினம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னா டீச்சரம்மா, அங்க உனுக்கு ஒடம்பு சரியில்லன்றாங்கோ. நீ இங்க நல்லா நின்னுகினு கீற?"

ஞானஜோதிக்கு முகம் எரிந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

"நான் குடுத்தா உங்களுக்கெல்லாம் மனசு சங்கடப்படுமாம். அதனால வேணாம்னுட்டாங்க."

"எங்களுக்கா? எங்கள யார் வந்து கேட்டாங்கோ?" ரத்தினத்தின் குரல் உயர்ந்தது. "எங்க வூட்லயும் இதெல்லாம் கீது, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். முண்டச்சி எதிர வந்தா எங்க மாமியா திரும்பி வூட்டுக்குள்ள பூடுவா. ஆனா அத எங்க பேர்ல நாங்க செஞ்சுக்கறோம். உங்க வூட்டு அசிங்கத்துக்கு எம்பேரு எதுக்கு? நீ அவிச்சுக் குட்த்த முட்டையத் துன்னுதானே இது ஓடுச்சு. முட்டை அவிக்க ஆவுற கை, கப் குடுக்க ஆவாதா?"

ஞானஜோதி உரித்த சுளை கையில் இருக்க, அப்படியே மைதானத்தை நோக்கி நடந்தாள். சுண்ணாம்புக் கோடுகளைத் தாண்டி, வெள்ளைப் புடவையில், எல்லார் கண்ணும் படும்படி நடந்தாள். முன்வரிசையில் ஞானம்மாளின் விசிறி நின்றது. "ஐயையோ, இவ எங்க வர்றா?" என்றாள்.

மேடையில் அம்மணி நின்றிருந்தாள். சரோஜினி கையில் கோப்பை. ஞானஜோதி படியேறி மைக்குக்குப் பக்கத்தில் வந்து, "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல," என்றாள். மைக் அதை மைதானம் முழுக்கச் சொன்னது.

சுவிசேஷமுத்து சட்டென்று மைக்கைக் கையால் பொத்தினார். "கீழ இறங்கு. சபை பார்க்குது," என்றார் பல்லிடுக்கில். பிறகு சரோஜினியிடம், "குடுத்துடும்மா, சீக்கிரம்," என்றார்.

சரோஜினி கெட்டிக்காரி. கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்து, சிரித்து, கோப்பையை அம்மணியின் நெஞ்சில் இடிக்கிற மாதிரி திணித்தாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. பேண்டு முழங்கியது. தாலிச் சங்கிலி கைமாறிவிட்டது, கொடுப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

அம்மணி கோப்பையை வைத்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தாள். இன்னும் மூச்சு வாங்கியது. ஞானஜோதி கிட்டே போய் அவள் கண்ணைப் பார்த்தாள்.

"கடைசி வளைவுல கையை நல்லா வீசினே. சார் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்."

கையிலிருந்த சுளையை அவள் வாயில் வைத்துவிட்டு இறங்கினாள். அதைப் போட்டோக்காரர் எடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. ஞானம்மாள் மட்டும் சுவரிடம் பேசினாள். "என் பிள்ளையை வாரிக் குடுத்தேன், இப்ப மானத்தையும் வாரிக் குடுத்தேன். எந்த நேரத்துல இந்த வீட்டுல கால் வெச்சாளோ." ராசி பார்க்காத மார்க்கத்தில் பிறந்தவள் அப்படிச் சொன்னாள்.

விளக்கு வைத்ததும் சுவிசேஷமுத்து கனிவு குறையாத குரலில், "தபீதாள்கிட்ட சொல்லிட்டேன் அம்மாடி. திங்கட்கிழமையிலேர்ந்து நீ ஸ்கூலுக்குப் போக வேணாம். உனக்கு ஓய்வு வேணும்," என்றார். பாய் விரிந்தது. எல்லாரும் முழங்கால் போட்டார்கள்.

அவர் நீளமாக ஜெபித்தார். எங்கள் குடும்பம் மனமுவந்து படைத்த கோப்பைக்காக ஸ்தோத்திரம் என்றார். இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையைக் கர்த்தர் மெச்சியதை நினைவூட்டினார், அந்த மனத்தாழ்மையை இந்த வீட்டுப் பெண்களுக்கும் கொடுக்கச் சொன்னார். பெருமை பிடித்த மகளை மன்னிக்கும்படி கேட்டார். முடித்தார்.

"ஆமென்," என்றாள் ஞானம்மாள்.

"ஆமென்," என்றாள் சரோஜினி.

மூன்றாவது ஆமென் வரவில்லை. அடுப்படியிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. ஞானம்மாளுக்கு முழங்காலில் வாதம், ஒரு பக்கம் சாய்ந்து முனகினாள். சரோஜினி தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியாது, வழக்கம் அப்படி.

சுவிசேஷமுத்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் மூடிய கண்ணைத் திறந்தார். எதிரே ஞானஜோதி முழங்காலில் நேராக இருந்தாள். அவள் கண்ணை மூடவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.