கேக்காம வாங்குன பூ

"தலையைக் கொஞ்சம் குனி செவந்தி. வாசல்ல கார் வந்துருச்சு."

அண்ணி அருணா பின்னால நின்னா. கையில மல்லிகைச் சரம். செவந்தி குனியல.

காலையில இருந்து செவந்தி வீட்டு அடுப்படியில அண்ணிதான் கேசரி கிண்டுறா. யாருக்குன்னு கேட்டா, "ஒங்க அண்ணன் வந்து சொல்லுவாக"ங்கிறா. அண்ணன் உதயசூரியன் வந்தான். புதுச் சேலையைக் கட்டில்ல வச்சான். "விராலிமலையில இருந்து ஒன்னையப் பொண்ணு கேட்டு வாராங்க ஆத்தா. இன்னைக்கே தட்டு மாத்திருவோம்"னு சொல்லிட்டு நாற்காலி எடுக்கப் போயிட்டான்.

குவைத்துல கட்டட வேலையில சாரம் சரிஞ்சு செவந்தி புருசன் செத்து அஞ்சு வருசம் ஆச்சு. அவன் ஒடம்பு பெட்டியில வந்து இறங்குன அதே வாசல்லதான் இப்ப கார் நிக்குது. பகல்ல அவ கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கப் போவா. வீட்டுக்கு வந்தா பேச்சுத்துணைக்கு ஆளில்ல. ஒரு மனுசக் குரல் கேக்கட்டுமேன்னு டிவியைப் போட்டுவிட்டுத்தான் சோறு திம்பா. கல்யாணம் வேணாம்னு அவ என்னைக்கும் சொன்னதில்ல. வேணும்னும் சொன்னதில்ல. யாராச்சும் கேட்டாத்தான சொல்றதுக்கு.

கூடத்துல மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முத்துராமன் தட்டைத் தூக்கிட்டார்.

"பொண்ணு வீட்டுல சம்மதந்தானங்க?"

வழக்கப்படி அதுக்குப் பதில் சொல்றது பொண்ணோட அண்ணன். உதயசூரியன் வாயைத் தொறந்தான்.

"பூரண..."

"கொஞ்சம் இருங்கண்ணே."

செவந்தி பழைய சேலையோட வந்து நின்னா. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கருத்த வெரலை மறைக்கக்கூட இல்ல. நாற்காலி நுனியில ஒக்காந்திருந்த மாப்பிள்ளை நாகராசைப் பாத்துக் கேட்டா.

"ஒங்களையாச்சும் கேட்டாங்களா?"

பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுசன். தலையைச் சொறிஞ்சான்.

"சட்டையை மாத்திக்கிட்டு வாடான்னாங்க. கோயிலுக்குன்னு நெனச்சேங்க. பாதி வழியிலதான் சொன்னாக."

யாரோ சிரிச்சாங்க. கூடச் சேர ஆளில்லாம அந்தச் சிரிப்பு அடங்கிருச்சு.

"ஒனக்கு நல்லதுதான செய்றேன்? தாலியறுத்த தங்கச்சிக்கு எந்த அண்ணன் இப்புடி முன்னால நின்னு செய்வான்?" உதயசூரியனுக்குக் கொரல் ஒடஞ்சுது.

"நல்லதுதாண்ணே. அன்னைக்கு என் தலையில இருந்த பூவை எடுத்தப்பவும் யாரும் என்னைக் கேக்கல. இன்னைக்கு வைக்கவும் கேக்கல. தலை என்னோடதுண்ணே."

தட்டு காருக்கே திரும்பிப் போச்சு. கடைசியா எந்திரிச்ச நாகராசு, தண்ணி குடிச்ச செம்பைத் தானே கொண்டுபோய் அடுப்படி நெலையோரம் வச்சான். சம்பந்தம் முறிஞ்ச வீட்டுல யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னான்.

"போயிட்டு வாரேங்க."

செவந்தி தலையாட்டுனா. இவரைப் பத்தி அண்ணன் ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருந்தா, சரின்னுகூடச் சொல்லியிருப்பா.

பொழுது சாயிறப்ப அண்ணி போன் பண்ணுனா. டீக்கடையில அண்ணன் மனசு நொந்து பேசுனாகளாம். "நாம எம்புட்டு முற்போக்கா இருந்து என்னய்யா? பொம்பளைங்க திருந்த மாட்டேங்குறாங்களே." கடையில இருந்தவங்க அம்புட்டுப் பேரும் ஆமா ஆமான்னாங்களாம்.

செவந்தி போனை வச்சா. அண்ணி சொளகுல போட்டுட்டுப் போன மல்லிகைச் சரம் பாதி வாடியிருந்துச்சு. எடுத்துத் தண்ணி தெளிச்சா. கண்ணாடி முன்னால போய் நின்னா.

யாரும் குனியச் சொல்லல. அவளாத்தான் குனிஞ்சு வச்சுக்கிட்டா.

பாக்கத்தான் வீட்டுல ஆளில்ல.